மூடினால் தூங்கு, அவ்வளவுதானே கேட்டேன்

லேப்டாப்பை மூடினால் தூங்க வேண்டும், திறந்தால் எழுந்திருக்க வேண்டும். இதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. கைரேகை வேண்டாம், கீபோர்டுக்கு அடியில் கலர் கலராக லைட் வேண்டாம், அந்த ஏஐ பட்டனைப் பிடுங்கிக்கொண்டு போனாலும் கவலையில்லை. மூடினால் தூங்கு. அறுபதாயிரத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய புது மெஷினால் இது முடியவில்லை. மச்சான் வீட்டில் கிடக்கிற, மூலையெல்லாம் உடைந்த பத்து வருடப் பழைய கறுப்பு லேப்டாப் இதைத் தினமும் செய்கிறது, அதுவும் நான் விண்டோஸுக்குப் பதில் போட்டிருக்கிற அதே லினக்ஸில்!

சேலத்தில் பஸ் ஏறும்போது சார்ஜ் நிறைய இருக்கும். மூடிப் பையில் வைத்து மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், அடிவாரம் தாண்டி கொண்டை ஊசி வளைவு ஆரம்பிக்கும்போதே தொடை சுட ஆரம்பிக்கும். இருபது வளைவும் முடிந்து ஏற்காடு ஏரிப் பக்கம் இறங்கினால் ஊரே மப்ளரைக் கட்டிக்கொண்டு நிற்கிறது, என் பை மட்டும் கொதிக்கிறது. உள்ளே ஃபேன் வேறு சுற்றிக்கொண்டிருக்கிறது. யாருக்காகச் சுற்றுகிறது என்று தெரியவில்லை. மேலே மழைக் காலத்தில் ஒரு சில்வர் ஓக் கிளை லைன் மேல் விழுந்தால் கரன்ட் எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது, கீழே சேலத்தில் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குப் போனால் சாயங்காலம்தான் வரும். (மேட்டூர் அனல் மின் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது, அந்தக் குமுறல் தனிப் பதிவு.) இப்படிப்பட்ட ஊரில் பேட்டரி என்பது ஆடம்பரம் இல்லை, அன்றைய வேலையே அதில்தான் ஓடுகிறது. அதைப் பைக்குள் வைத்து எரித்துவிட்டு, திறக்கும்போது கறுப்புத் திரையைக் காட்டினால் கோபம் வருமா வராதா?

சரி, என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், ஏனென்றால் இதைச் சொன்னால் பாதிப் பேர் உடனே "லினக்ஸ் அப்படித்தான்பா" என்று முடித்துவிடுகிறார்கள். அப்படி இல்லை.

1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்று பேரும் சேர்ந்து ஏசிபிஐ என்று ஒரு விதிமுறை போட்டார்கள். மெஷினின் மின்சாரத்தை ஆப்பரேட்டிங் சிஸ்டம் எப்படி நிர்வகிக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அதில் எஸ்3 என்று ஒரு தூக்க நிலை: ராமுக்கு மட்டும் கொஞ்சம் கரன்ட், பிராசஸர் உட்பட மற்றது ஏறக்குறைய எல்லாமே ஆஃப். கர்னல் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) "நான் படுக்கிறேன்" என்று சொன்னால் மிச்சத்தை ஃபர்ம்வேர் (கம்பெனி மெஷினுக்குள்ளேயே எழுதி அனுப்பும் புரோகிராம்) பார்த்துக்கொள்ளும். அந்தப் பழைய கறுப்பு லேப்டாப் செய்வது இதைத்தான். ராத்திரி மூடி வைத்தால் காலையில் ஓரிரு சதவீதம் குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

அப்புறம் செல்ஃபோன் வந்தது, எல்லோருக்கும் லேப்டாப்பும் ஃபோனைப் போல் தொட்டவுடன் எழ வேண்டும், தூங்கும்போதும் மெயில் வாங்க வேண்டும் என்று ஆசை வந்தது. விண்டோஸ் 8 காலத்தில் கனெக்டெட் ஸ்டாண்ட்பை, விண்டோஸ் 10இல் மாடர்ன் ஸ்டாண்ட்பை. இதில் மெஷின் உண்மையில் தூங்குவதில்லை. எஸ்0 என்கிற விழித்திருக்கும் நிலையிலேயே ஒவ்வொரு பாகமும் தனித்தனியாக அடங்க வேண்டும். லினக்ஸ் கர்னலில் இதற்கு எஸ்2ஐடில் என்று பெயர். எஸ்எஸ்டி, வைஃபை, யூஎஸ்பி, கார்டு ரீடர், கிராபிக்ஸ் என்று எல்லாம் அடங்கினால்தான் சிப் மொத்தமும் ஆழ்ந்த நிலைக்குப் போகும். கல்யாண மண்டபத்து ஹாலில் எல்லோரும் பாயை விரித்துப் படுத்த பிறகும் மூலையில் நாலு மாமாக்கள் லைட்டைப் போட்டுக்கொண்டு சீட்டாடினால் எவன் தூங்க முடியும்? என் மெஷினில் அந்த மாமா எஸ்எஸ்டியா கார்டு ரீடரா என்று கண்டுபிடிக்கவே எனக்குப் பல ராத்திரிகள் போயின.

சரி, அது உங்கள் புது முறை, வைத்துக்கொள்ளுங்கள். பழைய எஸ்3-ஐ ஏன் எடுத்தீர்கள்? இதுதான் என் ஒரே கேள்வி. லினக்ஸில் சிஸ் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் பவர், அதற்குள் மெம்_ஸ்லீப் என்று ஒரு ஃபைல் இருக்கிறது. பழைய லேப்டாப்பில் அதைத் திறந்தால் 'எஸ்2ஐடில்', 'டீப்' என்று இரண்டு வார்த்தை வரும், டீப்பைச் சுற்றி சதுர அடைப்பு போட்டிருக்கும், அதுதான் தேர்வில் இருக்கிறது என்று அர்த்தம். அந்த டீப்தான் எஸ்3. என் புது மெஷினில் ஒரே ஒரு வார்த்தை. டீப் என்பதே இல்லை. பயாஸில் (அந்த ஃபர்ம்வேரின் செட்டிங் திரையில்) மூலை முடுக்கெல்லாம் தேடிப் பார்த்தேன், ஒரு ஆப்ஷனும் கிடையாது. முடியாத காரியமா என்றால் அதுவும் இல்லை: 2018இல் லெனோவோ தன் திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் ஆறாம் தலைமுறைக்கு பயாஸ் அப்டேட்டில் 'லினக்ஸ்', 'விண்டோஸ் 10' என்று தூக்கத்துக்கு இரண்டு தேர்வு கொடுத்தது. கேட்கிறவர்கள் கேட்டதால் கொடுத்தார்கள். இப்போது வருகிற புது சிப்புகளில் எஸ்3 கிடைப்பதே அபூர்வமாகிவிட்டது, கேட்டால் இது 'மாடர்ன்' என்கிறார்கள்.

சேலம் அஞ்சு ரோடு பக்கம் என் லேப்டாப் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். டோக்கன் போட்டு, ஏசியில் உட்கார வைத்து, கடைசியில் ஒரு தம்பி வந்து மூடியைத் திறந்தார். லினக்ஸ் லாகின் திரையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"அண்ணா, இதுல ஓஎஸ் மாத்திட்டீங்களா?"

"ஆமாங்க தம்பி. ஆனா பிரச்சினை பயாஸ்ல. எஸ்3 இல்ல பாருங்க."

"விண்டோஸ் போட்டுட்டு வாங்கண்ணா, அப்புறமும் சூடாச்சுன்னா பார்க்கலாம். இல்லாட்டி ஷட்டவுன் பண்ணிப் பையில வைங்க."

அந்தத் தம்பி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அவருக்குக் கொடுத்திருக்கிற பேப்பரில் அவ்வளவுதான் எழுதியிருக்கும். ஆனால் விண்டோஸ் போட்டாலும் பைக்குள் சூடாகிறது என்று புலம்புகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு எந்த ஓஎஸ் போட்டுவிட்டு வரச் சொல்வார்கள்? பயாஸ் அப்டேட் கேட்டேன். எக்ஸி ஃபைலாகத்தான் தருகிறார்கள், ஓட்ட விண்டோஸ் வேண்டும். லினக்ஸில் ஃபர்ம்வேர் ஏற்றுவதற்கென்றே எஃப்டபிள்யூயுபிடி என்ற கருவி இருக்கிறது, சில கம்பெனிகள் அதற்கு ஒழுங்காக அனுப்புகின்றன. என் கம்பெனிக்கு அதற்கு மனசில்லை.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. மெஷினுக்குள் ஏசிபிஐ டேபிள்கள் இருக்கும், அவற்றில் ஃபர்ம்வேர் எழுதுகிறவர்கள் சின்னச் சின்ன புரோகிராம்கள் வைத்திருப்பார்கள். அவை _ஓஎஸ்ஐ என்று ஒரு கேள்வி கேட்கும்: நீ விண்டோஸ் 2015-ஆ (விண்டோஸ் 10-க்கு அங்கே அந்தப் பெயர்)? லினக்ஸ் கர்னல் "ஆமாம்" என்று சொல்கிறது. ஆமாம், பொய்தான் சொல்கிறது. நீ லினக்ஸா என்று கேட்டால் "இல்லை" என்கிறது! ஏனென்றால் உண்மையைச் சொன்னால் யாரும் சோதித்தே பார்க்காத ஒரு வழியில் ஃபர்ம்வேர் போய் முட்டிக்கொள்ளும். விண்டோஸுக்கான வழியை மட்டும்தான் அவர்கள் ஒரு தடவையாவது ஓட்டிப் பார்த்திருப்பார்கள். சொந்தப் பெயரைச் சொன்னால் வேலை நடக்காது என்கிற நிலைமையை யார் உண்டாக்கினார்கள்? கர்னல் எழுதுகிறவர்களா?

அவர்கள் பாவம். கர்னலுக்குள் போய்ப் பாருங்கள், இன்ன கம்பெனி, இன்ன மாடல், இன்ன பயாஸ் என்று பட்டியல் பட்டியலாக எழுதி வைத்திருக்கிறார்கள். இந்த மாடலில் கீபோர்டு இன்டரப்ட் (கீயைத் தட்டினால் பிராசஸருக்குப் போகும் சிக்னல்) தப்பாகச் சொல்லப்பட்டிருக்கிறது, அதை நம்பாதே. அந்த மாடலில் எஸ்எஸ்டியை முழுசாக அணைக்கலாம் என்று ஃபர்ம்வேர் சொல்ல மறந்துவிட்டது, நீயே அணை. எவனோ செய்த தப்புக்கு இவர்கள் ஒவ்வொரு மாடலாக ஒட்டுப்போடுகிறார்கள். ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு புது கர்னல், முதல் இரண்டு வாரம் எல்லோருடைய மாற்றங்களும் உள்ளே வரும், அதில் ஏசிபிஐயும் மின் நிர்வாகமும் அவற்றைப் பராமரிக்கிற ரஃபேல் வைசோக்கி கையால் ஒவ்வொரு தடவையும் வரும். அந்த மாற்றப் பட்டியல் வந்ததும் நான் முதலில் தேடுவது என் மாடல் பெயரை. பக்கத்து மாடல் வரும். அடுத்த மாடல் வரும். ஒரே கம்பெனி, ஒரே பெட்டி, கடைசியில் ஒரு எழுத்து வேறு. என்னுடையது மட்டும் வராது. பிழை அறிக்கை போட்டேன், கேட்ட டேபிள்களையெல்லாம் எடுத்து அனுப்பினேன், முன்பின் தெரியாத ஒரு டெவலப்பர் நேரம் ஒதுக்கிப் பதில் எழுதினார், சோதிக்க ஒரு பேட்ச்சும் (கர்னலுக்கான சின்னத் திருத்தம்) கொடுத்தார். காசு வாங்கிய கம்பெனியிடமிருந்து இன்றுவரை "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்ற மெயில் மட்டும்தான்.

அந்த பேட்ச்சோடு கர்னலைக் கம்பைல் செய்து ஏற்றினால் எஸ்எஸ்டி அடங்கியது, சந்தோஷம், ஆனால் புது கர்னலில் எழுந்த பிறகு வைஃபை வரவில்லை. வைஃபையை இயக்கும் டிரைவர் புரோகிராமைக் கழற்றி மறுபடி மாட்டினால் வருகிறது. இப்போது தூங்கும் முன் கழற்றவும் எழுந்த பின் மாட்டவும் ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். மூடினால் தூங்க வேண்டும் என்று கேட்டவன் இப்போது ஷெல் ஸ்கிரிப்ட் பராமரிக்கிறேன்.

ஹைபர்னேட் (நினைவகத்தை டிஸ்கில் எழுதிவிட்டு முழுசாக அணைப்பது) பண்ணலாமே என்று ஒரு கூட்டம் வரும். வாருங்கள். செக்யூர் பூட் (கையெழுத்திட்ட ஓஎஸ்ஸை மட்டும் கிளம்ப விடும் பாதுகாப்பு) ஆன் செய்திருந்தால் பெரும்பாலான டிஸ்ட்ரோக்களில் (லினக்ஸ் வகைகளில்) கர்னல் தன்னையே பூட்டிக்கொள்ளும் லாக்டவுன் நிலைக்குப் போய்விடும், அதில் ஹைபர்னேட் கிடையாது. டிஸ்கில் எழுதி வைத்த நினைவகப் படத்தை யாராவது மாற்றிவிட்டால் கர்னலால் சரிபார்க்க முடியாதே என்பது காரணம், நியாயமான காரணமும்கூட. அப்போ செக்யூர் பூட்டை ஆஃப் செய் என்பார்கள். செய்தால் ஆபீஸ் விபிஎன் உள்ளே விடாது.

இன்னொரு கூட்டம், டிஸ்ட்ரோ மாற்றச் சொல்கிறவர்கள். அந்த டிஸ்ட்ரோவிலும் இதே கர்னல்தானய்யா இருக்கிறது! வால்பேப்பரை மாற்றினால் ஃபர்ம்வேர் திருந்துமா? கொஞ்சம் புது கர்னல் கிடைக்கும் என்றால் அது சரி, ஒத்துக்கொள்கிறேன். டெபியன் என்ற டிஸ்ட்ரோவின் 12 வந்தபோது 6.1 கர்னல், 13இல் 6.12, இரண்டுக்கும் நடுவில் வந்த லேப்டாப்புக்கு இந்த வித்தியாசம் பெரியது. ஆனால் புதுசாகப் போடுவது வேறு, போட்டால் தீரும் என்பது வேறு. மேக் வாங்கச் சொல்கிறவர்களுக்குப் பதிலே கிடையாது, காசை நீங்கள் அனுப்புங்கள், வாங்குகிறேன்.

கர்னல்காரர்கள் மேலும் எனக்கு ஒரு கோபம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகவில்லை என்றால் அதை ஏன் வாய் திறந்து சொல்வதில்லை? ஏஎம்டி சிப்புக்கான டிரைவர் பரவாயில்லை, "போன தடவை ஆழ்ந்த நிலையை எட்டவில்லை" என்று லாக்கில் ஒரு வரியாவது எழுதுகிறது. இன்டெல் பக்கத்து டிரைவரில் அந்த எச்சரிக்கை வசதி இருக்கிறது, ஆனால் ஆஃபில் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். கர்னலின் டீபக் (பிழை தேடும்) ஃபோல்டருக்குள் ரூட்டாக (முழு அதிகாரத்தோடு) போய் ஒரு எண்ணைப் பார்த்தால்தான் தெரியும். எத்தனை மைக்ரோ செகண்டு ஆழ்ந்து தூங்கியது என்று அதில் இருக்கும். எனக்கு ராத்திரி முழுக்க மூடி வைத்த பிறகு அதில் இருந்தது பூஜ்யம். ஒரு மைக்ரோ செகண்டு கூட இல்லை! இதை டெஸ்க்டாப்பில் ஒரு சின்ன அறிவிப்பாகப் போட்டால் என்ன குறைந்துவிடும்? பை சுட்ட பிறகுதான் மனுஷன் தெரிந்துகொள்ள வேண்டுமா?

போன வாரம் தங்கச்சிக்கு லேப்டாப் பார்க்கப் போனபோது லைவ் யூஎஸ்பியை (இன்ஸ்டால் செய்யாமலே லினக்ஸை ஓட்டும் பென்டிரைவ்) சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். கடைக்காரரிடம், டிஸ்ப்ளே பீஸில் ஒரே ஒரு நிமிஷம் இதைப் போட்டு ஒரு ஃபைல் (அந்த மெம்_ஸ்லீப்தான்) பார்க்கிறேன் என்றேன். "டிஸ்ப்ளே பீஸை எல்லாம் ரீபூட் பண்ணக் கூடாதுங்க, ஹெட் ஆபீஸ்ல லாக் பண்ணியிருக்காங்க" என்றார். புதுசு ஒன்றைப் பிரித்துக் காட்டுங்கள் என்றேன். "சீல் பிரிச்சா நீங்கதான் எடுத்துக்கணும் சார்." மூடினால் தூங்குமா என்று மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் மூடியை மூடிக் காட்டினார். "பாருங்க சார், ஸ்கிரீன் ஆஃப் ஆயிடுச்சில்ல?"