4H-இல் ஸ்டீயரிங் இறுகினால் பம்ப்பைக் குறை சொல்லாதீர்கள்

"இசுசு வி-கிராஸ் பிக்கப்பில் 4H (நான்கு சக்கரங்களும் இழுக்கும் நிலை) போட்டுத் திருப்பும்போது ஸ்டீயரிங் இறுகினால் பவர் ஸ்டீயரிங் பம்ப் போய்விட்டது, உடனே மாற்றுங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறான யோசனை, வீண் செலவும்கூட.

வி-கிராஸில் இருப்பது பார்ட்-டைம் ஃபோர்வீல் டிரைவ்; அதாவது தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரங்களுக்கும் மாற்றிக்கொள்வது. முன் பின் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் சென்டர் டிஃபரென்ஷியல் கிடையாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். 4H-இல் முன் பின் ஷாஃப்ட்கள் ஒன்றாகப் பூட்டப்பட்டுவிடுவதால் அதற்கு வழியில்லை. மண்ணிலும் சேற்றிலும் டயர் கொஞ்சம் வழுக்கிச் சமாளிக்கும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்காது; ஸ்டீயரிங் இறுகும், பிரேக் பிடித்தது போல வண்டி திணறும், யு-டர்னில் டயர் கிறீச்சிடும். அப்படியே ஓட்டினால், முன் பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குத்தான் கேடு.

முதலில் 2H-க்கு (பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் நிலை) மாற்றுங்கள். 4H விடுபடாவிட்டால் சில மீட்டர் நேராக ரிவர்ஸ் எடுங்கள். அப்புறம் அதே வளைவில் திருப்பிப் பாருங்கள். இறுக்கம் போய்விட்டதா? பம்ப்பில் கோளாறு இல்லை.

2H-இலும் கனமாக இருந்தால்தான் டயர் காற்று, ஸ்டீயரிங் ஆயில் அளவு, பெல்ட் இவற்றைப் பார்க்க வேண்டும். திருப்பும்போது முனகல் சத்தமும் வந்தால் ஆயிலைத்தான் முதலில் பாருங்கள். பம்ப்பைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.