எத்தனைக்கு எத்தனை?

பெரியப்பா: 14.533. சரி, எத்தனைக்கு?

நித்யா: எத்தனைக்கும் இல்லை பெரியப்பா. 14.533, அவ்வளவுதான்.

பெரியப்பா: அது எப்படி? நூற்றுக்கு 14 என்றால் பையன் உருப்பட மாட்டான். பதினைந்துக்கு 14 என்றால் கெட்டிக்காரன். மொத்தம் தெரியாமல் நான் எப்படிச் சந்தோஷப்படுவது?

நித்யா: தங்கம் வாங்கியிருக்கிறார், அதை வைத்துச் சந்தோஷப்படுங்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக், ஜிம்னாஸ்டிக்ஸில் ஒற்றைக் கம்பியில் சுழல்கிற ஹரிசான்டல் பார் இறுதிப்போட்டி. ஜப்பானின் ஷின்னோசுகே ஓகா. கம்பியில் அவர் செய்ததைப் பார்த்தீர்களா இல்லையா?

பெரியப்பா: பார்த்தேனே. சுற்றினான், சுற்றினான், இறங்கினான். அதற்கு 14 கொடுத்திருக்கிறார்கள். எத்தனைக்கு?

நித்யா: இரண்டு குழு நடுவர்கள் இருப்பார்கள். ஒரு குழு, ஆட்டம் எவ்வளவு கடினம் என்று கூட்டிக்கொண்டே போகும். அதற்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு கிடையாது. இன்னொரு குழு, எவ்வளவு சுத்தமாகச் செய்தார் என்று பார்க்கும். 10-இல் ஆரம்பித்து, முட்டி மடங்கினால் கொஞ்சம், கால் விரிந்தால் கொஞ்சம், இறங்கும்போது ஓர் அடி நகர்ந்தால் கொஞ்சம் என்று கழித்துக்கொண்டே வரும். கீழே விழுந்தால் முழுசாக ஒரு புள்ளி போய்விடும். இரண்டையும் கூட்டினால் 14.533.

பெரியப்பா: ஓ, இரண்டு தாளா! இதை முதலிலேயே சொல்ல வேண்டியதுதானே. இரண்டாம் தாள் பத்துக்கு. முதல் தாள் எத்தனைக்கு?

நித்யா: முதல் தாளில் கேள்வியை எழுதுவதே மாணவன்தான். கஷ்டமான கேள்வியாக எழுதிக்கொண்டு பதிலும் எழுதினால் நிறைய மதிப்பெண்.

பெரியப்பா: மாணவனே கேள்வி எழுதுவதா? சுலபமானதாக நாலு கேள்வி எழுதிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டியதுதானே!

நித்யா: அப்படி வீட்டுக்குப் போனவர்களின் பெயர்தான் யாருக்கும் தெரியவில்லை.

பெரியப்பா: சரி, இரண்டாவது வந்தவன் எவ்வளவு?

நித்யா: 14.533.

பெரியப்பா: அது முதலில் வந்தவனுடையது. நான் இரண்டாவது வந்தவனைக் கேட்கிறேன்.

நித்யா: அவரும் 14.533. கொலம்பியாவின் ஆங்கெல் பராஹாஸ். 17 வயது. அந்த நாட்டுக்கு ஜிம்னாஸ்டிக்ஸில் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது.

பெரியப்பா: ஒரே மதிப்பெண். ஒருத்தனுக்குத் தங்கம், ஒருத்தனுக்கு வெள்ளி. யாருடைய மாமா நடுவராக இருந்தார்?

நித்யா: யாருடைய மாமாவும் இல்லை. சமன் வந்தால் சுத்தமாகச் செய்தவருக்கு முதலிடம் என்பது விதி. பராஹாஸ் செய்தது கடினமான ஆட்டம். ஓகா செய்தது சுத்தமான ஆட்டம்.

பெரியப்பா: ஆக, கஷ்டப்பட்டவனுக்கு வெள்ளி, கையெழுத்து அழகாக இருக்கிறவனுக்குத் தங்கம்.

நித்யா: (இதற்கு அவளிடம் உடனே பதில் இல்லை. பெரியப்பாவுக்கும் ஒரு நல்ல வரி கிடைத்துவிட்டுப் போகட்டும்.) மூன்றாம் இடத்திலும் சமன் வந்தது. 13.966. சீனாவின் ஜாங் போஹெங், தைவானின் டாங் சியா-ஹுங். அவர்களை எந்த விதியாலும் பிரிக்க முடியவில்லை, இருவருக்கும் வெண்கலம்.

பெரியப்பா: அந்தக் காலத்தில் இப்படியெல்லாம் நடந்திருக்காது.

நித்யா: அந்தக் காலத்தில் தங்கத்தையே பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். 1904-இல் ஹைடா, ஹென்னிக் என்ற இருவர். 1968-இல் சோவியத்தின் வோரோனினும் ஜப்பானின் நகயாமாவும். 1988-இல் ஆர்ட்டெமோவும் லியூகினும், இருவருமே சோவியத்.

பெரியப்பா: பார்த்தாயா? நியாயம் இருந்த காலம்.

நித்யா: அதற்கும் முந்தின காலம் வேண்டுமா? 1896, ஏதென்ஸ், முதல் ஒலிம்பிக். ஹரிசான்டல் பாரில் ஜெர்மனியின் ஹெர்மன் வைன்கார்ட்னர் முதலிடம். கொடுத்தது வெள்ளிப் பதக்கம்.

பெரியப்பா: முதலிடத்துக்கு வெள்ளியா?

நித்யா: அந்தப் போட்டியில் எல்லா விளையாட்டிலும் அப்படித்தான். முதலிடத்துக்குத் தங்கம் என்பதெல்லாம் பிறகு வந்தது. இன்னும் கேளுங்கள். வெளிநாட்டுப் போட்டிக்குப் போகக் கூடாது என்று ஜெர்மனியின் உடற்பயிற்சிச் சங்கம் சொல்லியிருந்தது. மீறிப் போய் ஜெயித்து வந்தவர்களுக்குச் சங்கம் தடை போட்டது.

பெரியப்பா: ஜெயித்ததற்குத் தடையா? சரி, எத்தனைக்கு எத்தனை வாங்கி ஜெயித்தான்?

நித்யா: பெரியப்பா, அந்த மனிதரைத் தடை செய்திருக்கிறார்கள் என்கிறேன்.

பெரியப்பா: அது வருத்தம்தான். ஆனால் மதிப்பெண் பட்டியல் கையில் இருந்தால் அப்பீல் பண்ணலாம் இல்லையா, அதற்குத்தான் கேட்டேன்.

(ஆட்டத்தைப் பார்க்கவே தெரியாதவர்கள் மதிப்பெண்ணைக் கேட்பதில் குற்றமில்லை. ஆட்டம் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருக்கும்போது திரையின் மூலையில் வரும் எண்ணை மட்டும் பார்க்கிறவர்களைத்தான் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு ஒருவராவது தேறுவார்.)

நித்யா: 1904 என்று சொன்னேனே, அந்த செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் ஜார்ஜ் ஐசர் என்று ஒருவர். ஒரு கால் மரக்கால். ஒரே நாளில் ஆறு பதக்கம் வாங்கினார். ஹரிசான்டல் பாரில் வெண்கலம்.

பெரியப்பா: மரக்காலா? அப்படியென்றால் அவர்களுக்குத் தனிப் போட்டி வைத்திருப்பார்கள்.

நித்யா: இல்லை. எல்லோரோடும்தான்.

பெரியப்பா: சலுகை மதிப்பெண் போட்டிருப்பார்கள்.

நித்யா: அதுவும் இல்லை. குதிரை என்கிற உயரமான கருவியைத் தாண்டும் போட்டியில் தங்கம் வாங்கியிருக்கிறார் பெரியப்பா. மரக்காலோடு ஓடி வந்து, தாண்டி, அதே மரக்காலில் இறங்கி. ஒருவர் சாதித்தார் என்று கேள்விப்பட்டதும் முதலில் சலுகையைத் தேடுகிற புத்தி உங்களுக்கு மட்டும் இல்லை, நிறையப் பேருக்கு இருக்கிறது. அதற்கு ஏதாவது போட்டி வைத்தால் நாம் எல்லோரும் தங்கத்தைப் பகிர்ந்துகொள்ளலாம்.

பெரியப்பா: கோபப்படாதே. கேட்டால்தானே தெரியும். சரி, மொத்தம் தெரிந்த ஆட்டம் ஒன்றுகூட இல்லையா?

நித்யா: இருக்கிறது. 1984 லாஸ் ஏஞ்சலஸ். ஜப்பானின் ஷின்ஜி மொரிசுவே. பத்துக்குப் பத்து.

பெரியப்பா: அடடா! பத்துக்குப் பத்து! கேட்கவே காது குளிர்கிறது. இந்த நல்ல முறையை எந்தப் புண்ணியவான் மாற்றினான்?

நித்யா: 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கைக் கேட்க வேண்டும். ரஷ்யாவின் அலெக்சி நெமோவ், 2000-இல் இதே பாரில் தங்கம் வாங்கியவர், கம்பியை விட்டுப் பறந்து பிடிக்கிற வித்தையை ஆறு தடவை செய்தார். அரங்கமே எழுந்து நின்றது. நடுவர்கள் கொடுத்தது 9.725.

பெரியப்பா: பத்துக்கு 9.725. நல்ல மதிப்பெண்தானே.

நித்யா: கூட்டத்துக்கு நல்லதாகப் படவில்லை. கத்தினார்கள். நிறுத்தவே இல்லை. போட்டி நின்றுபோனது. கடைசியில் நடுவர்கள் 9.762 என்று மாற்றினார்கள்.

பெரியப்பா: மறுமதிப்பீடு! விண்ணப்பம் யார் போட்டது?

நித்யா: கத்தினார்களே, அதுதான் விண்ணப்பம்.

பெரியப்பா: மாற்றியதும் அடங்கினார்களா?

நித்யா: இன்னும் அதிகமாகக் கத்தினார்கள். அடுத்து ஆட வேண்டிய அமெரிக்காவின் பால் ஹாம் காத்துக்கொண்டே நின்றார். நெமோவே மேடையேறி, போதும் அமைதியாக இருங்கள் என்று கையைக் காட்டிய பிறகுதான் அடங்கியது. கடைசியில் நெமோவுக்கு ஐந்தாம் இடம்.

பெரியப்பா: தங்கம்?

நித்யா: இத்தாலியின் இகோர் காசினா, 9.812. பால் ஹாமும் 9.812. காசினாவுக்குத் தங்கம், ஹாமுக்கு வெள்ளி.

பெரியப்பா: மறுபடியும் ஒரே மதிப்பெண்ணா! அந்த நடுவர்களைப் பிடித்து உள்ளே போட்டுக் கம்பி எண்ண வைக்க வேண்டும்.

நித்யா: அங்கே இருந்தது ஒரே ஒரு கம்பி. அதையே அவர்களால் சரியாக எண்ண முடியவில்லை.

பெரியப்பா: சிரிக்காதே, நிஜமாகச் சொல்கிறேன்.

நித்யா: நிஜமாகவே கம்பி எண்ணியவர் ஒருவர் இருக்கிறார். ஆனால் நடுவர் இல்லை. 1811-இல் பெர்லினில் திறந்தவெளி உடற்பயிற்சி மைதானம் ஆரம்பித்து, இளைஞர்களை இந்தக் கம்பியில் தொங்கவிட்டுப் பிரபலமாக்கினாரே ஃபிரீட்ரிஷ் லுட்விக் யான், அவர். இத்தனை வாலிபர்கள் ஒன்றாகக் கூடி உடம்பை வளர்த்தால் நாளைக்கு நம்மைக் கேள்வி கேட்பார்கள் என்று பிரஷ்ய அரசுக்குப் பயம் வந்துவிட்டது. 1819-இல் அவரைக் கைது செய்தார்கள், அடுத்த வருடம் உடற்பயிற்சிக்கே தடை.

பெரியப்பா: தொங்கினதற்கா தடை?

நித்யா: கூடினதற்கு.

பெரியப்பா: ம். அது எந்த ஊர் அரசுக்கும் பிடிக்காது. சரி, பத்துக்குப் பத்து எப்போது போனது?

நித்யா: ஏதென்ஸில் நெமோவுக்கு மட்டும் குளறுபடி இல்லை, வேறு போட்டியிலும் நடந்தது. எல்லாம் சேர்ந்து 2006-இல் சர்வதேசச் சம்மேளனம் முறையையே மாற்றிவிட்டது. அன்றிலிருந்துதான் உச்சவரம்பு இல்லை.

பெரியப்பா: கூட்டம் கத்தியது மதிப்பெண் குறைவு என்று. அவர்கள் மொத்தத்தையே எடுத்துவிட்டார்கள். இனிமேல் குறைவா அதிகமா என்று யாருக்குமே தெரியாது பார்.

நித்யா: (ஒப்புக்கொள்ளாமல்) இதைப் பாருங்கள். 2012 லண்டன். நெதர்லாந்தின் எப்கே சாண்டர்லண்ட். 16.533.

பெரியப்பா: எத்த...

நித்யா: பெரியப்பா.

பெரியப்பா: சரி சரி. அதென்ன, வர்ணனையாளர் காசினா, கோவாச், கோல்மன் என்கிறார்? தொங்குவது ஒருத்தன்தானே? மாற்று ஆட்டக்காரர்களா?

நித்யா: அதெல்லாம் வித்தைகளின் பெயர். முதலில் செய்து காட்டியவரின் பெயரையே வைத்துவிடுவார்கள். கோவாச் என்றால் கம்பியை விட்டு, கம்பிக்கு மேலேயே பின்பக்கமாக இரண்டு குட்டிக்கரணம் போட்டு, திரும்பக் கம்பியைப் பிடிப்பது. அதிலேயே உடம்பை ஒரு முழுச் சுற்றுத் திருகினால் கோல்மன். திருகலோடு உடம்பை மடக்காமல் நீட்டிச் செய்தால் காசினா.

பெரியப்பா: அந்த 2004 காசினாவா?

நித்யா: அவரேதான். மூன்றையும் நடுவில் மூச்சு விடாமல் அடுத்தடுத்துச் செய்கிறார் இவர். கம்பியின் குறுக்களவு 28 மில்லிமீட்டர். தலைகீழாகச் சுழன்று வரும்போது அதைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

பெரியப்பா: விட்டவன் பிடிக்க வேண்டியதுதானே. விடாமலே இருந்திருந்தால் தேடவே வேண்டாம்.

நித்யா: அதே சாண்டர்லண்ட் 2016 ரியோ இறுதிப்போட்டியில் பிடிக்க முடியாமல் குப்புற விழுந்தார்.

பெரியப்பா: நான் சொன்னேனா இல்லையா?

நித்யா: எழுந்து, திரும்பக் கம்பியில் ஏறி, ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் இறங்கினார். இத்தனைக்கும் நடுவில் மருத்துவம் வேறு படித்தார். இப்போது டாக்டர்.

பெரியப்பா: என்னது?

நித்யா: டாக்டர்.

பெரியப்பா: (நிமிர்ந்து உட்கார்ந்து) டாக்டரா! இதை ஏன் நீ முதலிலேயே சொல்லவில்லை? திரும்பப் போடு அந்த லண்டன் ஆட்டத்தை. அட, அட! என்ன கணக்கு, என்ன நிதானம்! விட்டதும் பிடித்ததும் எவ்வளவு துல்லியம்! படித்த பிள்ளை படித்த பிள்ளைதான் அம்மா.

நித்யா: இதே ஆட்டத்துக்குத்தான் இப்போது விடாமலே இருந்திருக்கலாம் என்றீர்கள்.

பெரியப்பா: அப்போது டாக்டர் என்று தெரியாதே. ஆனால் ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை நித்யா. இவ்வளவு நன்றாகப் படிக்கிற பையனை அவன் வீட்டில் எதற்காக இப்படிக் கம்பியில் தொங்க விட்டார்கள்?