பேங்க் விழுந்தா தாங்குவீங்க, ரப்பர் விழுந்தா?

முந்தாநாளு கல்யாண வீட்டுல ஆபீசர் அண்ணாச்சி பேசின வீடியோ எல்லாருக்கும் வந்திருக்கும், நான் திரும்ப இங்க போடல. "வெளிநாட்டு ரப்பருக்கு இறக்குமதி வரி போட்டு போட்டு இங்க உள்ள ரப்பர்காரன சோம்பேறி ஆக்கியாச்சு, சந்தைய அது பாட்டுக்கு விடணும்"னு பாயசம் கிளாஸ கையில வச்சுக்கிட்டு சொன்னாரே, அதுதான். சுத்தி நின்னவங்க சிரிச்சதுதான் எனக்கு கூடுதல் வருத்தம், அதுல ரெண்டு பேரு வீட்டுல இப்பவும் ரப்பர் சீட்டு அடிக்காங்க.

அண்ணாச்சி வேலை பாக்கது பேங்க்ல. சந்தைய அது பாட்டுக்கு விட்டா என்ன ஆவும்னு பேங்க்காரங்களுக்கா தெரியாது? 1938-ல திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் பேங்க் மூடினப்போ நம்ம ஊரும் திருவிதாங்கூர்லதான் இருந்துது, பூட்டன் போட்ட பணம் போனது போனதுதான்னு எங்க அப்பா கடைசி வரைக்கும் சொல்லுவாவ. 1960-ல பாலாய் சென்ட்ரல் பேங்க் மூழ்குச்சு, 1962-ல டெபாசிட்டுக்கு இன்சூரன்ஸ் வந்துது, இப்போ 5 லட்சம் வரைக்கும் இருக்கு. 2020-ல எஸ் பேங்க் தள்ளாடுனப்போ ஸ்டேட் பேங்க்கும் மத்த பேங்க்கும் பணம் போட்டு தூக்கி நிறுத்துனாங்க. நல்லதுதான், வேண்டாம்னு சொல்லல. அது ஒழுங்குமுறையாம். அதையே ரப்பர்காரன் நான் கேட்டா சோம்பேறித்தனமாம்.

சரி, அந்த வரியாவது முழுசா இருக்கா? 25 சதவீதம் இல்லன்னா கிலோவுக்கு 30 ரூவா, ரெண்டுல எது கொறவோ அது. 200 ரூவா சரக்குக்கு 50 வரணும், வாறது 30. கொஞ்சம் கரியும் கெமிக்கலும் கலந்து காம்பவுண்ட்னு பேரு மாத்திட்டா 2023 பட்ஜெட் வரைக்கும் வெறும் 10 சதவீதம். ஏற்றுமதிக்கு டயர் செய்யப் போறோம்னா வரியே இல்லாம இறக்கலாம். இதுலதான் நான் சோம்பேறி ஆயிட்டேன் பாத்துக்கிடுங்க.

"நாட்டுத் தேவைக்கு நம்ம விளைச்சல் பத்தாதே"ன்னு ஒருத்தர் வருவாரு. பத்தாது, ஒத்துக்கிறேன். பத்தாத பொருளுக்கு விலை ஏறணும்லா? பாங்காக் சந்தையில விலை இறங்குனா கோட்டயம் சந்தையிலயும் இறங்குது.

"கட்டலன்னா வேற பயிர் வை"ன்னு அடுத்த ஆளு. 1817-ல பொருளாதாரம் எழுதுன ரிக்கார்டோ சொன்னாரு, இங்கிலாந்து துணி நெய்யட்டும், போர்ச்சுகல் ஒயின் செய்யட்டும், மாத்திக்கிட்டா ரெண்டு பேருக்கும் லாபம்னு. பி.ஏ.ல நானும் படிச்சு பாஸானவன்தான். ரப்பர் கன்னு வச்சா பால் வெட்ட கத்தி வைக்க 7 வருசம் ஆவுமே, அந்தப் பாடம் எந்த சாப்டர்ல இருக்கு?

2011-ல 200 தாண்டி வித்த சீட்டு 2016 தொடக்கத்துல 100-க்கு கீழ போச்சு. பால் வெட்டுக்கூலி குடுத்தா மிச்சம் ஒட்டுப்பால், அதாவது மரத்துல ஒட்டிக் காஞ்ச பால் மட்டும்தான். அம்மைக்க சங்கிலிய எடுத்துக்கிட்டு ஒரு பேங்க்குக்கு போனேன். அங்க நகை பாக்குறவரு உரசிப் பாத்தாரு, பதக்கத்துல இருந்த கல்லுக்கும் அரக்குக்கும் கழிச்சாரு, மிச்ச மதிப்புல 75 சதவீதம்தான் தருவோம், ஆர்பிஐ ரூல்னாரு. தங்கம் விலை விழுந்தா பேங்க்குக்கு நட்டம் வரக்கூடாதாம், அதுக்காக 25 சதவீதத்த முன்னாடியே நிறுத்தி வச்சாங்க. ரப்பர் விலை விழுந்தா எனக்கு யாரு நிறுத்தி வச்சா?

"பேங்க்ல இருக்கது ஜனங்க பணம், உன் தோட்டம் உன் பிசினஸ்"னு எழுத இப்பவே டைப் பண்ணிட்டு இருப்பீங்க. சரி, எனக்க பிசினஸ்தான். அம்மை ஜனம் இல்லியா? ரெண்டு வருசம் சங்கிலி இல்லாம ஒரு கல்யாணத்துக்கும் போகல அவங்க. அண்ணாச்சி மகளுக்க நிச்சயத்துக்கும் வரல, "ஏன் வரல"ன்னு அண்ணாச்சி அன்னைக்கு கோவப்பட்டதும் ஞாபகம் இருக்கு. காரணம் அப்போ சொல்லல. இப்போ சொல்லியாச்சு.

மழைக்கு முன்னாடி மரத்துக்கு பிளாஸ்டிக் கட்ட ஆளு வந்து நிக்கி. கமெண்டுக்கு ராத்திரி வாறேன்.