பசியே இல்லாமல் தின்பதற்கு என்ன வைத்தியம்?
எடை குறைப்பது பற்றி நான் படித்த ஒரு கட்டுரையில் 'மன உறுதி இருந்தால் எடை தானாகக் குறையும்' என்று வருகிறதே, அங்கேதான் இடிக்கிறது. அப்பா தவறிய வருடம் எனக்கு 14 கிலோ ஏறியது, பகலெல்லாம் டயட் ஒழுங்காகப் போகும், ராத்திரி 11 மணிக்கு எல்லோரும் தூங்கியதும் லைட்கூடப் போடாமல் மிக்சர் டப்பாவைத் திறந்து நின்றுகொண்டே தின்பேன், பசியே இருக்காது. மன அழுத்தம் நீடித்து கார்டிசால் (அழுத்தத்தின்போது உடம்பில் சுரக்கும் ஹார்மோன்) ஏறினால் பலருக்கு நாக்கு இனிப்பையும் எண்ணெய்ப் பண்டத்தையும்தான் தேடும், அதை வெறும் உறுதியால் எத்தனை நாள் அடக்குவது? டப்பாவைத் தொடும் முன் 'இது பசியா, அழுகையா' என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்த பிறகுதான் கொஞ்சம் குறைந்தது (பாதி நாள் எழுதிவிட்டும் தின்றேன், அது வேறு கதை). அந்தக் கட்டுரைக்குக் கீழே கருத்து எழுதிய ஒருவர் இதெல்லாம் சாக்கு என்கிறார். சரி, சாக்காகவே இருக்கட்டும், ஆனால் கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் 'என்னடி இப்படிப் பெருத்துட்டே' என்று சித்தி கேட்ட அன்று ராத்திரி டப்பாவே காலி.