திரை உறைந்ததற்குப் போட்டியாளர் ஏன் ஓராண்டு காத்திருக்க வேண்டும்?

தொலைக்காட்சி வினாடி வினா நிகழ்ச்சிகளுக்கு ஆள் எடுக்கும் இணையவழித் தேர்வின் நடுவே, நடத்துபவரின் பக்கம் ஏற்பட்ட கோளாறால் ஒருவருக்கு நான்கைந்து கேள்விகள் கைநழுவிப் போனால், அந்த இழப்பை யார் சுமக்க வேண்டும்? நடத்துபவர்தான் சுமக்க வேண்டும் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால் நடைமுறையில் அதைச் சுமப்பவர் பெரும்பாலும் தேர்வு எழுதியவர்தான். அதுவும், தான் எவ்வளவு இழந்தோம் என்றே தெரியாமல் சுமக்கிறார். இந்தப் பதிவை எழுத வைத்தது அந்தத் தெரியாமைதான்.

அமெரிக்காவின் ‘ஜெப்பர்டி’ நிகழ்ச்சியின் தேர்வு முறையை எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் வினாடி வினா ஆர்வலர்கள் பலருக்கும் நன்கு அறிமுகமான முறை அது. 1964இல் மெர்வ் கிரிஃபின் உருவாக்கி, 1984 முதல் 2020 வரை அலெக்ஸ் ட்ரெபெக் தொகுத்து வழங்க, அமெரிக்க வீடுகளின் அன்றாட மாலை வழக்கமாகவே ஆகிப்போன நிகழ்ச்சி. இதில் கலந்துகொள்ள ஒரு காலத்தில் லாஸ் ஏஞ்சலிஸுக்கோ, ஆள்தேர்வுக் குழு வந்து முகாமிடும் ஊருக்கோ நேரில் போக வேண்டியிருந்தது. 2006இல் இணையவழித் தேர்வு வந்த பிறகு, சிற்றூரில் இருக்கும் ஆசிரியரும் இரவுப் பணி முடித்து வரும் செவிலியரும் வீட்டு மேசையிலிருந்தே முயன்று பார்க்க முடிந்தது. அது உண்மையிலேயே பெரிய திறப்பு. மொத்தம் 50 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 15 விநாடிகள், விடையைத் தட்டச்சு செய்ய வேண்டும். முன்பு ஆண்டில் குறிப்பிட்ட சில இரவுகளில் மட்டும், நேர மண்டலவாரியாக இது நடந்தது. 2020 முதல் விரும்பிய நேரத்தில் எழுதலாம், ஆனால் ஆண்டுக்கு ஒரு முறைதான். எத்தனை விடைகள் சரி என்பதை நிகழ்ச்சி சொல்வதில்லை. 35 சரியாக இருந்தால் தேறலாம் என்று ஆர்வலர்களிடையே பரவலாக ஒரு நம்பிக்கை உண்டு, அவ்வளவுதான்.

சர்வர்களைப் பராமரிப்பது என் பிழைப்பு என்பதால், அந்த 15 விநாடிகளை நான் வேறு கண்ணோடு பார்க்கிறேன். கேள்வி சர்வரிலிருந்து புறப்பட்ட நொடியில் கடிகாரம் ஓடத் தொடங்குகிறதா, அல்லது அது போட்டியாளரின் திரையில் தோன்றிய நொடியில் தொடங்குகிறதா என்பது ஒரு நியாயப் பிரச்சினை. முதல் முறையில், இணைப்பு தடுமாறி ஐந்து விநாடிகள் தாமதமானால், ஒருவருக்கு 15 விநாடிகளும் இன்னொருவருக்கு 10 விநாடிகளும் கிடைக்கின்றன. படித்து, புரிந்து, நாக்கின் நுனியில் நிற்கும் பெயரைப் பிடித்து, தட்டச்சு செய்து முடிக்க வேண்டிய இடத்தில் ஐந்து விநாடி என்பது மூன்றில் ஒரு பங்கு. இத்தகைய தேர்வுகளை எல்லோரும் ஒரே மணிக்கு எழுதும்போது, ஆயிரக்கணக்கானோர் ஒரே நிமிடத்தில் உள்ளே நுழைவதால் சர்வர் திணறுவதும், பக்கம் பாதியில் நின்றுபோவதும், சிலர் வெளியே தள்ளப்படுவதும் எதிர்பார்க்கக்கூடியவையே. எதிர்பார்க்கக்கூடிய ஒன்றுக்கு முன்கூட்டியே விதி எழுதி வைக்காமல் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அரங்கத்துக்குள் இதே துறை காட்டும் அக்கறையை நினைத்தால் வருத்தம் கூடுகிறது. ஜெப்பர்டி அரங்கில், தொகுப்பாளர் கேள்வியைப் படித்து முடித்து விளக்கு எரிந்த பிறகே, விடை சொல்லும் வாய்ப்பைப் பிடிக்கப் போட்டியாளர்கள் அழுத்தும் பொத்தான் வேலை செய்யும். முந்திக்கொண்டு அழுத்தினால் கால் விநாடி பூட்டிக்கொள்ளும். அந்தக் கால் விநாடி எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக அவ்வளவு கவனம். நடுவர் தவறாகத் தீர்ப்பளித்தது தெரிந்தால் ஆட்டத்தின் நடுவிலேயே தொகை திருத்தப்படுகிறது. அந்தத் தவறு ஆட்டத்தின் முடிவையே மாற்றியிருந்தால், பாதிக்கப்பட்டவர் மீண்டும் அழைக்கப்படுகிறார். இந்தக் கண்டிப்புக்கு ஒரு வரலாறு உண்டு. 1950களில் ‘ட்வென்ட்டி ஒன்’ போன்ற நிகழ்ச்சிகளில் விடைகளை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்து ஆட்டத்தை நடத்தியது வெளிவந்து, 1959இல் அமெரிக்க நாடாளுமன்றம் விசாரித்து, 1960இல் அத்தகைய மோசடியைக் குற்றமாக்கும் சட்டத் திருத்தமும் வந்தது. அந்தப் பாடத்தை அரங்கம் நன்றாகவே கற்றது. ஆனால் அரங்கத்தின் வாசலுக்கு வெளியே, யார் உள்ளே வரலாம் என்று தீர்மானிக்கும் அந்தச் சில நிமிடத் தேர்வுக்கு அதே கவனம் கிடைக்க வேண்டாமா?

டெக்ஸாஸில் இருக்கும் என் அக்கா மகள் வேறொரு வினாடி வினா நிகழ்ச்சியின் இணையவழித் தேர்வை எழுதினாள். பாதி தாண்டியதும் ஒரு கேள்விக்கு எழுத்தே வரவில்லை. வெள்ளைப் பெட்டியின் மேல் கடிகாரம் மட்டும் குறைந்துகொண்டிருந்தது. அடுத்த கேள்வி வந்தபோது மிஞ்சியது இரண்டு விநாடி. அதற்கடுத்தது விடையை ஏற்றுக்கொண்டதா இல்லையா என்றே காட்டாமல் தாவிவிட்டது. பிறகு எதுவும் நடவாததுபோல் மற்ற கேள்விகள் சீராக வந்து, தேர்வு நிறைவுற்றது என்று நன்றி சொல்லி முடிந்தது. திரையைப் படம் பிடித்து அனுப்பி முறையிட்டாள். ஓராண்டு கழித்து மீண்டும் எழுதலாம் என்று, முறையீட்டைப் படித்ததற்கான அடையாளமே இல்லாத அச்சடித்த பதில் வந்தது. “நான் தோத்தேனா இல்லையான்னே தெரியல சித்தி” என்று அவள் சொன்னபோது என்னிடம் பதில் இல்லை. மதிப்பெண் தெரிந்தால் அந்த மூன்று கேள்விகள் தன்னைப் பாதித்தனவா என்று அவளே கணக்குப் போட்டுக்கொள்வாள். மதிப்பெண்ணை மறைப்பது நடத்துபவரின் உரிமை என்றே வைத்துக்கொள்வோம். மறைத்தவருக்கு, பாதிப்பை அளக்கும் கடமையும் கூடவே வந்துவிடுகிறது. ஏனென்றால் அதை அளக்கக்கூடியவர் வேறு யாரும் இல்லை.

மறுதேர்வு கொடுத்தால் தேர்வு சரியாகப் போகாத எல்லோரும் வைஃபை மேல் பழி போட்டுக்கொண்டு வருவார்கள் என்பது முதல் மறுப்பு. இதற்கு விடை பதிவேட்டிலேயே இருக்கிறது. எந்தக் கேள்வி எப்போது அனுப்பப்பட்டது, அது திரைக்கு எப்போது வந்து சேர்ந்தது, விடை எப்போது திரும்பியது என்பவற்றைக் கேள்விவாரியாகக் குறித்து வைப்பது கடினமான வேலையே அன்று. அப்படிக் குறித்து வைத்தால் உண்மையான முறையீட்டையும் சாக்கையும் பிரித்தறிய யாருடைய வார்த்தையையும் நம்ப வேண்டியதில்லை. குறித்து வைக்காத நிறுவனம், ஆதாரம் இல்லை என்று போட்டியாளரைப் பார்த்துச் சொல்லக் கூடாது.

மறுதேர்வுக்குப் பதிலாக, மழை குறுக்கிட்ட ஒருநாள் ஆட்டத்தில் டக்வொர்த் லூயிஸ் கணக்குப் போடுவதுபோல், கிடைத்த கேள்விகளை வைத்து விகிதப்படி மதிப்பெண்ணை உயர்த்திவிடலாமே என்றும் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஓப்பராவைப் பற்றி ஒன்றும் அறியாதவருக்கு ஓப்பராக் கேள்வி தொலைந்தால் இழப்பே இல்லை, பேஸ்பாலில் ஊறியவருக்கு பேஸ்பால் கேள்வி தொலைந்தால் முழு இழப்பு. எந்தக் கேள்வி தொலைந்தது என்பது ஆளுக்கு ஆள் வேறாகப் பொருள்படும் இடத்தில் விகிதக் கணக்கு செல்லாது. ஆனால் கணக்கு முற்றிலும் பயனற்றதும் அன்று. தேர்ச்சிக் கோடு 35 என்றே வைத்துக்கொண்டால், 46 கேள்விகள் ஒழுங்காகக் கிடைத்து அதில் 36 சரியாக எழுதியவர் ஏற்கெனவே தேறிவிட்டார். 29 சரியாக எழுதியவருக்குத் தொலைந்த நான்கையும் முழுதாகக் கொடுத்தாலும் 33தான். இடையில் 31 முதல் 34 வரை நிற்பவர்களின் விதியைத்தான் அந்தக் கோளாறு உண்மையில் மாற்றியிருக்கிறது. அவர்களுக்கு மட்டும் மறுதேர்வு தந்தால் போதும் என்று தோன்றும். ஆனால் அப்படி அழைத்தாலே, நீங்கள் கோட்டின் அருகில் இருந்தீர்கள் என்று மதிப்பெண்ணைச் சொல்லிவிட்டதாக ஆகும். ரகசியத்தையும் காக்க வேண்டும், நியாயத்தையும் செய்ய வேண்டும் என்றால் பாதிக்கப்பட்ட எல்லோரையும் புதிய கேள்விகளோடு மீண்டும் எழுத அழைப்பதுதான் வழி. இந்த ஓர் இடத்தில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன்.

சிலருக்கு மட்டும் இரண்டாம் வாய்ப்பு கிடைப்பது மற்றவர்களுக்கு அநீதி இல்லையா என்று கேட்கலாம். முதல் தேர்வில் கொஞ்சம் பழக்கம் கிடைத்திருக்கும் என்பது உண்மைதான். ஆயினும், இந்தத் தேர்வில் தேறுவதால் யாரும் நேரே மேடை ஏறிவிடுவதில்லை. ஜெப்பர்டியில் தேறியவர்களிலிருந்து குலுக்கல் முறையில் சிலரை அழைத்து, காணொளி வழியே கண்காணிப்பில் மீண்டும் 50 கேள்விகள் கொடுத்து, பிறகு மாதிரி ஆட்டம் ஆடவைத்துப் பார்க்கிறார்கள். அதன் பிறகும் அழைப்பு வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும், வராமலே போகவும் கூடும். தகுதியற்ற ஒருவர் மறுதேர்வின் தயவால் உள்ளே வந்துவிட்டால் அடுத்த கட்டத்தில் அவரைக் கண்டுபிடித்துவிடலாம். தகுதியுள்ள ஒருவர் கோளாறால் வெளியே நின்றுவிட்டால் அவரைக் கண்டுபிடிக்க அடுத்த கட்டம் என்று எதுவும் இல்லை. திருத்திக்கொள்ளக்கூடிய பிழைக்கு அஞ்சித் திருத்தவே முடியாத பிழையைச் செய்வது என்ன நியாயம்?

முறையிடுபவர்களுக்கு மட்டும் நிவாரணம் என்ற வழக்கமும் மாற வேண்டும். திரை உறைந்தால் நம்மில் பலர் முதலில் சொல்வது “நம்ம வீட்டு இன்டர்நெட்தான் சரியில்லை போல” என்பதுதான். தன்மேலேயே குறை கண்டு பேசாமல் இருந்துவிடுபவரும், உடனே மின்னஞ்சல் எழுதத் தெரிந்தவரும் ஒரே கோளாறில் சிக்கியிருக்கும்போது, எழுதியவருக்கு மட்டும் கதவு திறப்பது கூச்சத்துக்கு விதிக்கும் தண்டனை. பதிவேட்டில் பழுது தெரிந்த மறுநாளே, பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் அழைப்பு தானாகப் போக வேண்டும்.

பழுது உண்மையிலேயே போட்டியாளரின் வீட்டில் என்றால், அதாவது மின்சாரம் போனாலோ கணினி நின்றாலோ, நடத்துபவர்மேல் கடன் ஏதும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும், விரைவு இணைப்புக்குக் கட்டணம் கட்ட முடியாதவர்களின் வீட்டில்தான் இப்பழுது அதிகம் நேர்கிறது என்பதை நினைத்து, ஆண்டுக்கு ஒரு முறை, காரணம் கேட்காமல், பாதியில் அறுந்த தேர்வை ஒரு வாரத்துக்குள் புதிய கேள்விகளோடு எழுத அனுமதிக்கலாம். கூடவே, உண்மைத் தேர்வின் அதே மென்பொருளில் ஐந்து மாதிரிக் கேள்விகளைக் கொடுத்து, இணைப்பும் விசைப்பலகையும் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று சரிபார்த்த பிறகே கடிகாரத்தைத் தொடங்கலாம். கோளாறு ஏற்பட்டால் என்ன செய்யப்படும், யாருக்கு எழுத வேண்டும், எத்தனை நாளில் பதில் வரும் என்பதைத் தொடக்கப் பொத்தானுக்கு மேலேயே நான்கு வரியில் எழுதி வைப்பதற்குச் செலவு ஒன்றும் ஆகாது.