குழு என்றாலே குட் மார்னிங்தானா?

ஆசிரியர்களின் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களால் நேரம்தான் வீணாகிறது என்று கட்டுரையாளர் ஒருவர் ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். சுற்றறிக்கையும் 'உடனே அனுப்பவும்' படிவமும் வந்து குவியும் அலுவல் குழுவைப் பார்த்துச் சொன்னால், சரி, ஒப்புக்கொள்கிறேன். பாடத்துக்கென்று ஆசிரியர்கள் தாங்களே நடத்தும் குழுக்கள் வேறு ரகம்.

எங்கள் உயர்நிலைப் பள்ளியில் கணக்குக்கு நான் ஒருத்திதான். சந்தேகம் வந்தால் பக்கத்து வகுப்பில் போய்க் கேட்க ஆள் கிடையாது. சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டும். கூம்பின் வளைபரப்பு ஏன் πrl (r அடியின் ஆரம், l சாயுயரம்) என்று பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லை எனக் குழுவில் எழுதினேன். வேறு மாவட்ட ஆசிரியர் ஒருவர் ஜியோஜிப்ரா என்ற கணக்கு மென்பொருளில் செய்த கோப்பு ஒன்றைப் போட்டார். ஸ்லைடரை நகர்த்தினால் கூம்பு மெல்ல விரிந்து வட்டக்கோணப் பகுதியாகிறது; சாயுயரம் அதன் ஆரம், அடிச்சுற்றளவு அதன் வில். அப்புறம் சூத்திரத்தைப் பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள்.

ஜியோஜிப்ராவே 2001இல் ஆஸ்திரியாவில் ஒரு மாணவரின் ஆய்வேட்டு வேலையாகத் தொடங்கியது. அதன் தளத்தில் ஆசிரியர்கள் செய்து பகிர்ந்தவை ஏராளம். இலவசம்தான், ஆனால் தமிழில் பெயரிட்டவை குறைவு. குழுவில் பக்கங்களைப் பிடிஎஃப்பாக அனுப்புவதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, இவற்றைத் தமிழில் தரும் வேலையில் இறங்கலாமே!