திருமலை வீதிக்கு எந்த ஹைபிரிட் சொகுசுக் கார்?

கனடாவில் முப்பது வருடம் இருந்துவிட்டு இப்போது எங்கள் திருகோணமலையில், உப்புவெளியில் வீடு கட்டிக் குடியேறியிருக்கும் அண்ணா ஒருவர் போன கிழமை கேட்டார்: “தம்பி, நல்ல ஹைபிரிட் கார் ஒன்று எடுக்கப்போறன். சொகுசாயும் இருக்க வேணும், பெற்றோலும் குடிக்கக் கூடாது, தேவைப்பட்டால் பாயவும் வேணும். பி.எம்.டபிள்யூ 530ஈ ஒன்று கொழும்பில நிக்குதாம். லெக்சஸ் ஈ.எஸ். 300எச் ஒன்று கண்டியில நிக்குதாம். எது நல்லது?”

தேத்தண்ணி இரண்டு முறை வந்து போகும் வரை பேசினோம். இரண்டும் நல்ல கார்தான், இரண்டையும் ஓடியிருக்கிறேன். பன்னிரண்டு வருடமாக உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்காரருக்கு வாகனம் ஓடுவதுதான் என் தொழில். கட்டுநாயக்க விமான நிலையத்துக்கும் கொழும்புக்கும் போய் வருவதிலேயே வாழ்க்கை கழிகிறது. திருமலையில் இருப்பவர் ஒருவர் என்னிடம் கேட்டால் என் பதில் லெக்சஸ் பக்கம்தான். ஏன் என்று அண்ணாவுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு வேறு சிலரும் இன்பொக்சில் வந்திருக்கிறார்கள்.

முதலில் ஒரு விஷயம் விளங்க வேண்டும். ஹைபிரிட் என்று பின்னால் எழுதியிருப்பதெல்லாம் ஒரே சாதி இல்லை. 2009இல் வந்த பென்ஸ் எஸ்400 ஹைபிரிட்டில் மோட்டாரின் சக்தி வெறும் 15 கிலோவாட். அது எஞ்சினுக்குக் கை கொடுக்கும், அவ்வளவுதான். மோட்டாரில் மட்டும் அந்தக் கார் ஓடாது. லித்தியம் அயன் பற்றரியோடு தொழிற்சாலையிலிருந்து வந்த முதல் ஹைபிரிட் கார் என்ற பெருமை அதற்கு உண்டு. பின் இருக்கையில் ஏறினால் இறங்க மனம் வராது. ஆனால் பெற்றோல் மிச்சம் பிடிக்க அதை வாங்குவேன் என்று யாராவது சொன்னால் நான் தடுப்பேன்.

அடுத்தது லெக்சஸ் ஈ.எஸ்., டொயோட்டா கேம்ரி, கிரவுண் வகை. பிளக் குத்தத் தேவையில்லை. பிரேக் பிடிக்கும்போதும் எஞ்சின் ஓடும்போதும் தன் பற்றரியைத் தானே நிரப்பிக்கொள்ளும். மூன்றாவது வகை 530ஈ, பென்ஸ் சி350ஈ, ஈ350ஈ போன்ற பிளக்-இன் கார்கள். பெரிய பற்றரி, வீட்டுச் சுவரில் குத்திச் சார்ஜ் ஏற்ற வேண்டும்.

பிளக்-இன் கார்களின் கடதாசிக் கணக்கைப் பார்த்துத்தான் நம் ஆட்கள் மயங்குகிறார்கள். 100 கி.மீ.க்கு இரண்டு லீற்றர் என்று போட்டிருப்பார்கள். அப்படியென்றால் லீற்றருக்கு ஐம்பது கி.மீ. மோட்டார் சைக்கிளோடு போட்டி போடும் கணக்கு! அது பொய்யும் இல்லை. பழைய ஐரோப்பியச் சோதனை முறை அப்படி. பற்றரி நிறைந்திருக்க ஒரு தடவை ஓட்டுவார்கள், பற்றரி தீர்ந்த பிறகு ஒரு தடவை ஓட்டுவார்கள். பிறகு, இரண்டு சார்ஜ்களுக்கு நடுவில் கார் 25 கி.மீ. மட்டுமே எஞ்சினை நம்பி ஓடும் என்று வைத்துக்கொண்டு சராசரி எடுப்பார்கள். முனிச்சில் வீட்டுக்கும் வேலைக்கும் போய் வருகிற மனிதனுக்கு அது சரி. திருமலையிலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 260 கி.மீ. கந்தளாய்க்கு முன்னாலோ பின்னாலோ பற்றரி தீர்ந்துவிடும். மிச்சம் இருநூற்றுச் சொச்சம் கி.மீ.க்கு அந்தப் பற்றரியையும் சுமந்துகொண்டு இரண்டு லீற்றர் டர்போ எஞ்சின்தான் காரை இழுக்க வேண்டும்.

அமெரிக்காவின் அரசாங்கச் சோதனை இதைப் பிரித்துச் சொல்கிறது, அதனால் நான் எப்போதும் அதைத்தான் பார்ப்பேன். 2018ஆம் ஆண்டு 530ஈ பற்றரியில் மட்டும் 16 மைல், அதாவது 26 கி.மீ. அளவு ஓடும். பற்றரி தீர்ந்த பிறகு கலனுக்கு 29 மைல். நம் கணக்கில் லீற்றருக்கு 12.3 கி.மீ. அதே சோதனையில் 2013 தொடக்கம் 2018 வரை வந்த ஈ.எஸ். 300எச்சுக்குக் கலனுக்கு 40 மைல், லீற்றருக்கு 17 கி.மீ. 2019இல் வந்த புது உடம்புக்கு 44 மைல், 18.7 கி.மீ. நான் ஓடிய பழைய ஈ.எஸ். நிரப்பியதிலிருந்து நிரப்பும் வரை பார்த்ததில் லீற்றருக்குப் பதினாறுக்குக் குறைந்து ஒரு நாளும் தந்ததில்லை.

இந்த வித்தியாசம் கையில் என்னவாக வரும் என்பதை 2022இல் அனுபவித்தோம். பெற்றோல் தட்டுப்பாட்டில் அதைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை தொடங்கியபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். 20 லீற்றரில் ஈ.எஸ். 340 கி.மீ. போகும், கொழும்புக்குப் போய்ச் சேர்ந்து அங்கே வேலையையும் பார்க்கலாம். பற்றரி வெறுமையான 530ஈ 246 கி.மீ.யில் நின்றுவிடும், கொழும்பு வாசலுக்குக் கூட வராது. சார்ஜ் ஏற்றிக்கொண்டு புறப்படலாமே என்று கேட்பீர்கள். அந்த வருடம் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு இருந்ததை மறந்துவிட்டோமா? ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனது. சீனன்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் இருக்கிற ஊர் இது. அந்த ஊரில் பெற்றோல் செட் வாசலில் காருக்குள் படுத்துக் கிடந்த இரவுகளை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு கனக்கும். அன்றிலிருந்துதான் ஒரு கார் எவ்வளவு குடிக்கும் என்பதை முதல் கேள்வியாகக் கேட்கப் பழகினேன்.

சரி, பாய்ச்சல்? இதில் 530ஈ வெல்லும், மறுக்கவே மாட்டேன். 252 குதிரைவலு, 100 கி.மீ. வேகத்தை 6.2 விநாடியில் எட்டும். புது ஈ.எஸ்.ஸுக்கு 8.9 விநாடி. ஆனால் அண்ணா, கொழும்புப் பக்கம் போகிற ஏ6 வீதியில் நமக்குச் சட்டம் தருகிற வேகம் 70. ஊர்மனைக்குள் 50. நூறை எத்தனை விநாடியில் தொடுகிறது என்பது எனக்கு எங்கே உதவும்?

எனக்கு உதவுகிற பாய்ச்சல் வேறு. சீனன்குடாவிலிருந்து கோதுமை மா ஏற்றிய லொறி ஒன்று முன்னால் 45இல் போய்க்கொண்டிருக்கும். எதிரே வளைவு. வளைவு முடிந்ததும் ஒரு நீட்டு வீதி வரும், தூரத்தில் ஒரு பஸ் தெரியும். அந்த இடைவெளியில் 45இலிருந்து 70ஐத் தொட்டு, லொறியைக் கடந்து, என் பக்கத்துக்குத் திரும்ப வேண்டும். இங்கே முதல் ஒரு விநாடிதான் உயிர். சாதாரண ஓட்டோமற்றிக் கார் மிதித்த பிறகு கியரைக் குறைத்து, மூச்சு வாங்கி, பிறகுதான் பாயும். ஹைபிரிட்டில் மின் மோட்டார் மிதித்த கணமே தள்ளும். ஈ.எஸ்.ஸிலும் அது கிடைக்கிறது, 530ஈயிலும் கிடைக்கிறது. ஈ.எஸ்.ஸை அடிவரை மிதித்தால் எஞ்சின் ஒரே ஸ்தாயியில் இரையும். பின்னால் இருக்கிற ஆட்கள் “என்ன சத்தம்?” என்று கேட்பார்கள். 530ஈ கியர் மாற்றி மாற்றி அழகாகப் போகும். ஓட்டுகிற சுகத்தைக் கேட்டால் ஜேர்மன்காரனுக்குத்தான் என் வோட்டு. ஆனால் லொறியைக் கடக்கும் வேலையை இரண்டும் ஒரே பத்திரத்தோடு செய்கின்றன.

வெறும் வேகத்துக்காக ஹைபிரிட் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு லெக்சஸிலேயே உதாரணம் இருக்கிறது. ஜி.எஸ். 450எச், 3.5 லீற்றர் வி6, ஆறு விநாடிக்குள் நூறு, லீற்றருக்கு 13 கி.மீ. ஓரளவுக்கு ஞாயம். எல்.எஸ். 600எச், 5 லீற்றர் வி8, லீற்றருக்கு 9 கி.மீ. கூட வராது. மந்திரிமாருக்குப் பொருந்தும்.

ஈ.எஸ். ஏன் சிக்கனம் என்றும் சொல்ல வேண்டும். அதன் 2.5 லீற்றர் எஞ்சின் அட்கின்சன் சுழற்சியில் ஓடுகிறது. உள்ளிழுக்கும் வால்வு பிந்தி மூடும். அதனால் அமுக்கம் குறுகியதாகவும் எரிந்த வாயு விரிகிற தூரம் நீண்டதாகவும் இருக்கும். ஒரே பெற்றோலில் கூட வேலை வாங்கலாம். அப்படிப்பட்ட எஞ்சினுக்கு அடிவேகத்தில் இழுவை குறையும், அந்தக் குறையை மோட்டார் நிரப்பும். கியர்பெட்டி என்று பார்த்தால் சூரியனும் கோள்களும் போல அமைந்த ஒரு பற்சக்கரத் தொகுதியும் இரண்டு மோட்டார்களும்தான். பெல்ட் இல்லை, கிளச் இல்லை, ஸ்டாட்டர் மோட்டார் இல்லை, ஓல்டர்னேட்டர் கூட இல்லை. இல்லாத சாமான் பழுதாகாது என்று எங்கள் கராஜ்கார அண்ணை சொல்வார்.

கராஜ் என்றதும் நினைவுக்கு வருகிறது. பெயர் வேண்டாம், ஒரு ஐரோப்பிய பிளக்-இன் காரை ஒரு நாள் காலையில் எடுக்கப் போனேன். சார்ஜ் ஏறவில்லை, திரையில் மஞ்சள் எழுத்து, கார் நகர மாட்டேன் என்றது. திருமலையில் மூன்று பேருக்குக் காட்டினோம். மூவரும் நல்ல வேலைகாரர்கள், ஆனால் அந்தக் காரின் கணினியோடு பேசும் கருவி அவர்களிடம் இல்லை. கடைசியில் லொறியில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பினோம். அங்கே பதினெட்டு நாள். பழுது சின்னதுதான், ஆனால் அந்தப் பதினெட்டு நாளும் ஹோட்டல்காரர் வேறு வாகனம் பிடித்து ஆட்களை அனுப்பினார். ஈ.எஸ். 300எச்சின் எஞ்சினும் பற்றரியும் கேம்ரி ஹைபிரிட்டோடு பொதுவானவை. அந்தக் குடும்பத்து வேலை தெரிந்தவர்கள் கந்தளாய் வரைக்கும் இருக்கிறார்கள்.

இன்னொரு நாள் நடந்ததை மறக்கவே மாட்டேன். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் நடுவில், இரவு எட்டு மணி இருக்கும், வீதியில் ஆனை. வழக்கம்போல லைற்றைத் தணித்துவிட்டுத் தள்ளி நின்றேன். எஞ்சின் தானாக நின்றது. காருக்குள் இரண்டு பேர், ஏசி ஓடிக்கொண்டிருந்தது, ஒரு சத்தமும் இல்லை. திரையில் பற்றரிக் கோடு ஒவ்வொன்றாக இறங்குவதைப் பார்த்தேன். இன்னும் ஒரு கோடு இறங்கினால் எஞ்சின் தானாகவே எழும்பும், அந்த இரைச்சலுக்கு ஆனை என்ன செய்யும் என்று தெரியாது. கை நடுங்க ஏசியை நிறுத்தினேன். கோடு நின்ற இடத்திலேயே நின்றது. வியர்வையில் நனைந்தபடி இருபது நிமிடம். ஆனை மெல்ல இறங்கிக் காட்டுக்குள் போனது. நம் வெயிலில் ஏசி எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். பிளக்-இன் கார் 26 கி.மீ. ஓடும் என்று கணக்குச் சொன்னாலும் மே மாதத்து மத்தியானத்தில் அதில் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

530ஈயை நான் தள்ளிவிடவில்லை. திருமலை டவுணிலிருந்து நிலாவெளிக்குப் பதினைந்து கி.மீ. போய் வர முப்பது. வீட்டுக் கூரையில் சோலார் பூட்டியிருந்து, கடைக்கும் கோயிலுக்கும் ஹோட்டலுக்குமாக ஊருக்குள்ளேயே ஓடுகிற ஒருவருக்கு 530ஈ பெற்றோல் வாசனையைக் கொஞ்சம்தான் காட்டும். சுவர்ப் பிளக்கில் ஐந்து மணி நேரத்துக்குள் நிறைந்துவிடும். சோலார் இல்லாமல் ஒவ்வொரு இரவும் 8, 9 யூனிற் ஏற்றினால் மாதம் 250 யூனிற் அளவு கூடும். வீட்டுப் பாவனை 180 யூனிற்றைத் தாண்டினால் கட்டணம் உச்சப் படிக்குப் போகிறது. அண்ணாவுக்குச் சோலார் இல்லை. அவர் மாதம் இரண்டு தடவை கொழும்புக்கு வைத்தியரிடம் போகிறார், கனடாவிலிருந்து வருகிற பிள்ளைகளைக் கூப்பிட விமான நிலையம் போகிறார். 530ஈயின் தாங்கி 46 லீற்றர், பழைய ஈ.எஸ்.ஸின் தாங்கி 65 லீற்றர். போய்த் திரும்பி வந்தாலும் ஈ.எஸ்.ஸில் பெற்றோல் மிச்சம் இருக்கும்.

டிக்கி விஷயத்தில் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 2018 வரை வந்த ஈ.எஸ். 300எச்சில் பற்றரி பின் இருக்கைக்குப் பின்னால் இருக்கிறது, டிக்கி சின்னது. கனடாச் சூட்கேஸ் இரண்டு வைத்தால் மூன்றாவது மடியில்தான். 2019இலிருந்து பற்றரியை இருக்கைக்குக் கீழே இறக்கிவிட்டார்கள், அந்தக் குறை போய்விட்டது. விலைதான் ஏறும். 2020 மார்ச்சிலிருந்து 2025 தொடக்கம் வரை இறக்குமதி நின்றிருந்ததால் பழைய கார்களே பொன் விலை, புதிதாக வருவதற்கு வரி வேறு.

ஆகவே பெரும்பாலும் ஏழெட்டு வருடம் ஓடிய காரைத்தான் வாங்கப்போகிறோம். அதில் பற்றரிதான் உயிர். டொயோட்டா, லெக்சஸ் வகையில் பின் இருக்கைப் பக்கம் பற்றரிக்குக் காற்று இழுக்கும் ஒரு துவாரம் இருக்கும், உள்ளே ஒரு விசிறி. கடற்கரை ஊரில் மணலும் தலைமயிரும் துவாய் நூலும் அதற்குள் போய் அடைத்துக்கொள்ளும். காற்றுப் போகாவிட்டால் பற்றரி சூடாகும், சூடானால் ஆயுள் குறையும். ஒரு தடவை விருந்தாளி ஒருவர் ஈரத் துவாயை அந்தத் துவாரத்தின் மேல் விரித்துவிட்டார், தம்புள்ளை தாண்டும்போது எச்சரிக்கை லைற் எரிந்தது. துவாயை எடுத்துக் கொஞ்ச நேரம் ஆறவிட்டதும் சரியாகிவிட்டது. விற்கிறவர்கள் பெயின்ற்றைப் பளபளப்பாக்கி வைப்பார்கள், அந்த விசிறியை யாரும் துடைத்து வைப்பதில்லை. அதைத் திறந்து பார்த்தாலே அந்தக் காரை எப்படி வைத்திருந்தார்கள் என்று தெரிந்துவிடும்.

அண்ணா இந்த ஞாயிறு கண்டிக்குப் போகிறார். விடிய ஐந்து மணிக்கு மூன்றாம் கட்டையில் நிற்கச் சொல்லியிருக்கிறேன். ஸ்க்ரூ டிரைவரும் ரோச் லைற்றும் என் பைக்குள் வைத்தாயிற்று.